கேமை நிறுத்தச் சொன்னால் ஏன் இவ்வளவு கோபம்?

கடைசி வரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கும் துப்பாக்கிச் சண்டை மொபைல் கேமான பிஜிஎம்ஐயில் ஒரு கிளாசிக் மேட்ச், எரங்கல் மேப் என்றால், கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடும். நூறு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள். நான்கு பேர் சேர்ந்தது ஒரு ஸ்குவாட். நடுவில் நிறுத்திவைத்துவிட்டு எழுந்து வர முடியாது. இருபத்தைந்தாவது நிமிடத்தில், வட்டம் சுருங்கி ஏழெட்டுப் பேர் மட்டுமே மிச்சமிருக்கும் நேரத்தில், ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்கு வீட்டிலிருந்து ஃபோன் வருகிறது. திரை ஒரு நொடி தடுமாறுகிறது. அந்த ஒரு நொடியில் அவனுடைய ஆள் சுடப்பட்டு விழுகிறான். மைக்கில் மற்ற மூன்று பேரும் திட்டுகிறார்கள். ரேங்க் புள்ளி குறைகிறது. அப்புறம் அவன் வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடுகிறான். "சாப்ட்டியாப்பா" என்று கேட்கும் அம்மாவிடம், "இதைக் கேக்கத்தான் இந்நேரத்துல கூப்ட்டியா" என்று கத்துகிறான்.

அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: எந்நேரமும் துப்பாக்கியோடு திரிகிறான், அந்த வன்முறை உள்ளே இறங்கிவிட்டது. பையனிடமும் ஒன்று இருக்கிறது: நான் ஒன்றும் அடிமை இல்லை, எல்லாரும்தான் ஆடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இது பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டிருப்பது இதுதான்: கல்லூரி மாணவர்களிடம் நாம் பார்க்கிற கோபத்துக்குத் திரையில் தெறிக்கும் ரத்தத்தைவிடத் தோல்வியும், தூக்கமின்மையும், ஆட்டத்தின் மேல் பிடி நழுவிப்போன நிலையும்தான் பெரிய காரணங்கள்.

எத்தனை மணி நேரம் ஆடினால் அடிமை?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. மருத்துவ வரையறையில் இதற்குப் பதிலே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் கேமிங் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்தது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அந்தப் பதிப்பை ஏற்றது; 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு ஆடுவது என்பதெல்லாம் ஆடுபவரின் கையில் இல்லாமல் போவது முதலாவது. படிப்பு, சாப்பாடு, நண்பர்கள், மற்ற விருப்பங்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் வந்து நிற்பது இரண்டாவது. கெடுதல் நடக்கிறது என்று கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது மூன்றாவது. இவற்றால் படிப்போ, குடும்பமோ, வேலையோ உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நிலை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே முடிவுக்கு வரலாம்.

இதை வைத்து இரண்டு மாணவர்களைப் பாருங்கள். ஒருவன் சனி, ஞாயிறு முழுக்க வேலரண்ட் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறான். திங்கட்கிழமை காலை லேபில் இருக்கிறான், அரியர் இல்லை, மாலையில் கிரவுண்டுக்கும் போகிறான். தேர்வு வந்தால் இரண்டு வாரம் லேப்டாப்பில் அந்த கேமையே அழித்துவிடுகிறான். இன்னொருவன் தினமும் மூன்று மணி நேரம்தான் ஆடுகிறான்; ஆனால் அது இரவு ஒன்றிலிருந்து நான்கு வரை. முதல் இரண்டு பீரியட் போய்விடுகிறது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது தெரிந்தும், "இன்னைக்கு ஒரே ஒரு மேட்ச்" என்றுதான் உட்காருகிறான். மொத்த மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கவலைப்பட வேண்டியது இரண்டாவது பையனைப் பற்றி.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதையே வேறு விதமாக அணுகியது. இன்னும் ஆராய வேண்டிய நிலைகள் என்ற பிரிவில் இதை வைத்து, ஒன்பது அறிகுறிகளைக் கொடுத்தது. ஒரு வருடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டும் என்றது. எந்நேரமும் ஆட்ட நினைப்பு, குறைக்க முயன்று தோற்பது, எவ்வளவு ஆடுகிறோம் என்பதைப் பற்றி வீட்டில் பொய் சொல்வது, மனக்கஷ்டத்திலிருந்து தப்பிக்க ஆடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கமானது வேறொன்று: ஆட முடியாமல் போகும்போது வரும் எரிச்சல், பதற்றம், சோகம். அதாவது எரிச்சல் இந்த நிலையின் அறிகுறிகளில் ஒன்று. ஆனால் அடிப்பதோ, உடைப்பதோ, மிரட்டுவதோ அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? 2017இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் மக்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு, 0.3 முதல் 1 சதவீதம் வரை என்று கணித்தது. செய்திகளில் பத்து, இருபது சதவீதம் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். கேள்வித்தாள் மாறினால் எண்ணும் மாறும். கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்மை விட்டு, விருப்பமுள்ளவர்கள் நிரப்புங்கள் என்றால், கேமில் ஆர்வம் உள்ளவர்கள்தான் அதிகம் நிரப்புவார்கள். அப்படிக் கிடைக்கும் எண்ணை நோயாளிகளின் எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. மருத்துவர் நேரில் உட்கார்ந்து பேசிச் சொல்வதும், ஒரு படிவத்தில் மதிப்பெண் கூடிவருவதும் ஒன்றல்ல. ஆக, ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அடிமைகள் இல்லை. மீதமுள்ள சிறுபான்மையினருக்கு இது உண்மையான, வலிமிகுந்த பிரச்சினை. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேம் எப்படிப் பிடித்து வைக்கிறது?

பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைப்பதைவிட, எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்றே தெரியாமல் இருந்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. சூதாட்ட இயந்திரம் இதை நம்பித்தான் ஓடுகிறது. கேமில் கிரேட் என்ற பரிசுப் பெட்டியைத் திறக்கும்போதும் இதே கதைதான்: ஆளுக்கோ துப்பாக்கிக்கோ புதுத் தோற்றம் தரும் நல்ல ஸ்கின் வரலாம், ஒன்றுமில்லாததும் வரலாம். இந்த மாதிரிப் பெட்டிகளில் சிலவற்றைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது.

அதற்கு மேல் தினசரி மிஷன், ஆட ஆடப் பரிசுகளைத் திறந்துவிடும் ராயல் பாஸ், சீசன் முடிந்ததும் கீழே இறங்கிவிடும் ரேங்க் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஏறிய ஏணியை யாரோ வந்து பாதியில் வெட்டிவிட, மறுபடியும் ஏறச் சொன்னால் யாருக்குத்தான் விட மனம் வரும்? ஆனால் கல்லூரி மாணவர்களைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விடப் பலமான பிடி ஸ்குவாட்தான் என்று நினைக்கிறேன். "மச்சான், மூணு பேர்தான் இருக்கோம், வா" என்று அறைக்கதவைத் தட்டும்போது மறுப்பது கேமை மறுப்பதாக இருக்காது, நண்பனை மறுப்பதாக இருக்கும். கேமைத் தனிமையோடு மட்டுமே சேர்த்துப் பேசுபவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் பற்றி ஒரு வார்த்தை. 1998இல் லண்டனில் எட்டு ஆண்களை ஒரு டாங்கி ஆட்டம் ஆடவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். ஆடும்போது டோபமைன் சுரப்பு கூடியது என்று நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. அதிலிருந்து, கேமும் போதைப்பொருளும் ஒன்று என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். நல்ல சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும்கூட அதே டோபமைன்தான் வேலை செய்கிறது. மூளை ஆட்டத்தை ரசிக்கிறது என்பதற்கு அது சாட்சி. அடிமையாகிவிட்டது என்பதற்கு அது மட்டும் போதாது.

ஏன் கல்லூரிக் காலத்தில்?

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. பதினெட்டு வயது வரை நம் பிள்ளைகளின் நேரத்தைப் பெரும்பாலும் வேறு யாரோதான் கட்டுப்படுத்துகிறார்கள். ஐந்து மணிக்கு எழுப்பிவிடும் அப்பா, டியூஷன், ஸ்டடி ஹால், ஃபோனை வாங்கி பீரோவில் வைத்துவிடும் அம்மா. பிளஸ் டூ முடிந்து ஹாஸ்டலுக்குள் நுழைந்த முதல் வாரத்தில் இவை மொத்தமும் ஒரேயடியாக விலகிவிடுகின்றன. கையில் ஸ்மார்ட்ஃபோன், அறையில் வைஃபை, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேட்க ஆளில்லை. உந்துதலுக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. சுயக்கட்டுப்பாட்டைப் பழகிக்கொள்ளவே நாம் வாய்ப்புக் கொடுக்காத ஒருவனிடம், அதை முழுசாக எதிர்பார்க்கிறோம்.

அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. சிறு ஊரில் தமிழ் வழியில் படித்து, பள்ளியில் முதலிடம் வாங்கி, குடும்பத்தில் முதல் ஆளாகப் பொறியியல் கல்லூரிக்குள் வரும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். முதல் நாளிலிருந்து வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கக் கூச்சம். முதல் இன்டர்னலில் மார்க் வரவில்லை. ஊரில் எல்லாரும் "நல்லா படிக்கிற பையன்" என்று சொன்னவன் இங்கே யாருமே இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஃபோனைத் திறந்தால் அங்கே அவன் ஏஸ் என்ற மேல்தட்டு ரேங்க். அவன் சொல்கிற இடத்தில்தான் ஸ்குவாட் இறங்குகிறது. முயற்சி செய்தால் அரை மணி நேரத்தில் பலன் தெரிகிறது. எஞ்சினியரிங் மேத்ஸில் அப்படி உடனே ஒன்றும் தெரிவதில்லை.

உளவியலில் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் உருவாக்கிய ஒரு கோட்பாடு, மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறது: நானே முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. வகுப்பறையில் மூன்றும் கிடைக்காதவனுக்குக் கேமில் மூன்றும் கிடைக்கிறது. அவனைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்கு நியாயமாகவே தோன்றவில்லை. அவனிடமிருந்து ஃபோனைப் பறிக்கும்போது, அவன் தன்னைத் திறமைசாலியாக உணரும் ஒரே இடத்தையும் சேர்த்துப் பறிக்கிறோம். அப்போது வரும் கோபத்தின் அளவு நமக்குத்தான் பொருத்தமில்லாததாகத் தெரிகிறது.

துப்பாக்கி கேம் ஆளை மாற்றுமா?

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். கோபம் ஓர் உணர்ச்சி; உள்ளே நடப்பது. ஆக்ரோஷம் என்பது இன்னொருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் செயல். திட்டுவதும் தள்ளிவிடுவதும் அதில் சேரும். வன்முறை அதன் கடுமையான முனை. உடலுக்குப் பெரிய தீங்கு செய்வது. ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது முதல் இரண்டை. செய்திகள் எழுதுவது மூன்றாவதைப் பற்றி. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்திய இரு மாணவர்களும் டூம் என்ற துப்பாக்கி கேமை ஆடியவர்கள் என்று தெரியவந்தபின், இந்த விவாதம் சூடுபிடித்தது. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2010இல் கிரெய்க் ஆண்டர்சன் குழு ஒரு தொகுப்பாய்வு செய்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவு அதில் இருந்தது. வன்முறை கேம்கள் ஆக்ரோஷத்தைக் கூட்டுகின்றன என்றார்கள். 2015இல் கிறிஸ்டோபர் ஃபெர்குசன் 101 ஆய்வுகளைத் தொகுத்து, அந்தத் தாக்கம் கண்டுகொள்ள முடியாத அளவுக்குச் சிறியது என்றார். 2018இல் 24 ஆய்வுகள், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோரை வைத்து வந்த இன்னொரு தொகுப்பாய்வு, தாக்கம் உண்டு, ஆனால் சிறியது என்றது. பார்க்கப்போனால் இவர்கள் எண்களில் அவ்வளவாக வேறுபடவில்லை. அந்தச் சிறிய எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டது எனக்குச் சரியான இடமாகப் படுகிறது. கத்துவது, தள்ளுவது போன்ற செயல்களோடு வன்முறை கேமுக்குச் சிறிய தொடர்பு தெரிகிறது; கொடிய வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது அது.

ஜெர்மனியில் ஒரு குழு பெரியவர்கள் சிலரை இரண்டு மாதம் தினமும் ஜிடிஏ 5 என்ற வன்முறை கேமை ஆடவைத்தது. வேறு சிலரை, வீடு கட்டி வாழ்க்கை நடத்தும் சிம்ஸ் 3 என்ற கேமை ஆடவைத்தது. மூன்றாவது குழு எதுவும் ஆடவில்லை. ஆக்ரோஷத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரைப் பற்றி, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரிடமும் கேட்டு ஆராய்ந்தார்கள். வன்முறை கேம் ஆடுவதற்கும் அந்தப் பிள்ளைகளின் நடத்தைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

அப்படியானால் கோபம் கேமிலிருந்து வரவே இல்லையா? வருகிறது, ஆனால் வேறு வாசல் வழியாக. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். முதலில் ஒவ்வொருவரும் வலிக்கும் அளவுக்குக் குளிர்ந்த நீரில் 25 நொடி கையை வைத்திருக்க வேண்டும். "இந்த நேரத்தை உங்களுக்கு முன்னால் வந்தவர்தான் முடிவு செய்தார்" என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எல்லாருக்கும் அதே 25 நொடிதான். பிறகு பாதிப் பேருக்கு எளிதான டெட்ரிஸ், மீதிப் பேருக்கு வேண்டுமென்றே கடினமாக்கிய டெட்ரிஸ். டெட்ரிஸ் என்பது மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம். அதில் துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, ஆளே இல்லை. ஆடி முடித்ததும், அடுத்து வருபவர் எத்தனை நொடி குளிர்நீரில் கை வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கடினமான டெட்ரிஸ் ஆடியவர்கள் சராசரியாகப் பத்து நொடி கூடுதலாகக் கொடுத்தார்கள். முகம் தெரியாத ஒருவருக்குப் பத்து நொடி வலி அதிகம், கட்டை சரியாக விழாததற்காக.

கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் 2011இல் நடந்த சோதனைகளும் இதே பக்கம்தான் கைகாட்டின. அங்கே ஆக்ரோஷத்தை அளந்த விதம் வேடிக்கையாகத் தோன்றும்: காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரமான சாஸ் ஊற்றிக் கொடுக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். போட்டியின் அளவு ஒரே மாதிரி இருந்தபோது, வன்முறை கேம் ஆடியவர்களும் அப்படி அல்லாத கேம் ஆடியவர்களும் ஊற்றியதில் வித்தியாசமில்லை. போட்டி கடுமையான கேம்கள், அவை கார் ரேஸாக இருந்தாலும், அதிகக் காரத்தை ஊற்ற வைத்தன.

ஆய்வுக்கூடத்தில் சாஸ் ஊற்றுவதும் வீட்டில் கதவை அறைவதும் ஒன்றில்லைதான். ஆனாலும் ஹாஸ்டல் வராண்டாவில் இரவில் நடந்து போனவர்களுக்கு இந்த முடிவுகள் ஆச்சரியம் தராது. சத்தம் வரும் அறையில் நடப்பது பெரும்பாலும் லேக், அநியாயமாகத் தோற்ற மேட்ச், கடைசி நேரத்தில் நெட் போனது. ஃபிஃபா என்ற கால்பந்து கேம் ஆடி கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்தவர்கள் எத்தனை பேர்!

அடிமைநிலைக்கும் ஆக்ரோஷத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது?

பல நாடுகளில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த கேள்வித்தாள் ஆய்வுகளில், கேமிங் அடிமைநிலை மதிப்பெண் கூடியவர்களுக்கு ஆக்ரோஷ மதிப்பெண்ணும் கூடியிருப்பது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்கும் ஆய்வு, எது முந்தியது என்று சொல்லாது. ஏற்கெனவே சட்டென்று கோபப்படுகிறவர், ஆட்கள் தன்னை ஒதுக்குவதாக நினைப்பவர், மனச்சோர்வில் இருப்பவர், ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர் ஆகியோர் கேமுக்குள் ஆழமாகப் போக வாய்ப்பு அதிகம். அந்தக் கோபம் கேமுக்கு முன்பே இருந்திருக்கலாம்.

எது முந்தியது என்று பார்க்க, ஒரே ஆட்களை வருடக்கணக்கில் தொடர வேண்டும். சிங்கப்பூரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து, 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கல்லூரி வயதினர் இல்லை என்றாலும் அது சொன்னது இங்கே உதவும். உந்துதலை அடக்க முடியாதவர்களும், மற்றவர்களோடு பழகத் தடுமாறுபவர்களும்தான் அடிமைநிலைக்குள் அதிகம் விழுந்தார்கள். விழுந்தபின் மனச்சோர்வு, பதற்றம், மார்க் குறைவு எல்லாம் கூடின. இரண்டு திசையிலும் நடக்கிறது என்று அர்த்தம். கஷ்டம் கேமுக்குள் தள்ளுகிறது, கேம் கஷ்டத்தைக் கூட்டுகிறது.

இதில் நாம் கண்டுகொள்ளாமல் விடும் கண்ணி தூக்கம். 2007இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைத் தொந்தரவு செய்யும் படங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்க வேண்டிய முன்மூளையோடு இருக்கும் தொடர்பும் தளர்ந்திருந்தது. தினமும் நான்கு மணிக்குத் தூங்கி எட்டரைக்கு எழுந்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடும் ஒருவனிடம் ரூம்மேட் "லைட்டை ஆஃப் பண்ணுடா" என்று சொல்லும்போது வெடிப்பதற்கு, கேமில் துப்பாக்கி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரவு முழுக்க சதுரங்கம் ஆடினாலும் இதுதான் நடக்கும்.

மைக்கில் நடப்பது

இவ்வளவு சொன்னபிறகு, கேம் உலகத்துக்குள்ளேயே நடக்கும் ஒரு ஆக்ரோஷத்தைச் சொல்லாமல் விட முடியாது. வாய்ஸ் சாட்டில் வந்து விழும் கெட்ட வார்த்தைகள். அம்மாவை, சாதியை, நிறத்தை, ஊரை இழுத்துத் திட்டுவது சாதாரணமாகிவிட்டது. பெண் குரல் கேட்டால் அடுத்த நொடி ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் நன்றாக ஆடும் பெண்கள் பலர் மைக்கை அணைத்துவிட்டே ஆடுகிறார்கள், அல்லது தெரிந்தவர்களோடு மட்டும் ஆடுகிறார்கள். ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் இதைப் பற்றி எழுதினார்: முகம் தெரியாது, பெயர் தெரியாது, எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்னும்போது மனிதரின் கட்டுப்பாடு தளர்கிறது. கொலை செய்யும் காட்சியைவிட, தினமும் காதில் விழும் இந்தப் பேச்சுதான் ஒரு இளைஞனின் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து. இதைப் பற்றிப் பெற்றோர் கேட்பதே இல்லை, ஏனென்றால் ஹெட்செட்டுக்குள் நடப்பது அவர்களுக்குக் கேட்பதில்லை.

தடை போட்டால் சரியாகுமா?

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜிக்குக் காவல்துறை தடை போட்டது. ஃபோனில் ஆடிக்கொண்டிருந்த மாணவர்களைக் கைதுகூடச் செய்தார்கள். உதவி தேவைப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கியதைத் தவிர அதனால் என்ன கிடைத்தது? 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அதற்குக் காரணம் தரவுப் பாதுகாப்பு, அடிமைநிலை இல்லை. ஆட்கள் ஃப்ரீ ஃபயருக்கும் கால் ஆஃப் டியூட்டிக்கும் போனார்கள். அடுத்த வருடம் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்ததும் திரும்பினார்கள். தென் கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டு, பத்து வருடம் வைத்திருந்து, 2022இல் அதைக் கைவிட்டது. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவை வேறு வகை. அவை சூதாட்டக் கோளாறில் சேரும். அவற்றுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமும் 2025இல் வந்த மத்தியச் சட்டமும் இருக்கின்றன.

வீட்டிலும் ஹாஸ்டலிலும் செய்யக்கூடியவை எளிமையானவை. மேட்ச் நடுவில் ஃபோனைப் பிடுங்காதீர்கள், வைஃபையை அணைக்காதீர்கள். அது அவன் ஒருவனுக்கான தண்டனையாக முடிவதில்லை, மற்ற மூன்று பேர் முன்னால் அவமானமாகிறது. "இந்த மேட்ச் முடிஞ்சதும் வா" என்று சொல்லிவிட்டு, முடிந்தபின் அடுத்ததைத் தொடங்காமல் வருகிறானா என்று பாருங்கள். வருகிறான் என்றால் பிடி இன்னும் அவன் கையில் இருக்கிறது. தோற்ற உடனே எதையும் பேச வேண்டாம்; பேச்சை மறுநாள் சாப்பிட்டபின் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதாக இருந்தால், எத்தனை மணி நேரம் ஆடினாய் என்பதை விட்டுவிட்டு, எத்தனை மணிக்குத் தூங்கினாய், எந்த சப்ஜெக்ட் கஷ்டமாக இருக்கிறது, கிளாஸில் யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள்.

ஆடுகிறவரே இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஆடும் நேரத்தை மாலைக்கு மாற்றுங்கள். சார்ஜரைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ரேங்க் மேட்ச் தோற்றால், ஈடுகட்ட உடனே இன்னொன்று தொடங்காமல் எழுந்துவிடுங்கள். மோசமான இரவுகள் பெரும்பாலும் அந்த இன்னொன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. குறைக்கப்போவதை ஸ்குவாடிடம் சொல்லிவிடுங்கள். குறைக்கத் தொடங்கிய முதல் நாட்களில் எரிச்சலும் சலிப்பும் கூடும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும்.

பலமுறை முயன்றும் முடியவில்லை, அரியர் ஏறுகிறது, கேம் இல்லாதபோதும் மனம் சோர்ந்தே கிடக்கிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். யோசனைகளையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சைதான் இதில் அதிகம் ஆராயப்பட்டது. அடியில் மனச்சோர்வோ ஏடிஎச்டியோ இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் கேம் போன இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஷட் கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அடிக்கிறான், மிரட்டுகிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்ற நிலை இருந்தால், கேமைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416இல் பேசும்போது, எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பதோடு, தூக்கம், சாப்பாடு, வகுப்புக்குப் போவது, சமீபத்தில் நடந்த ஏதாவது இழப்பு அல்லது அவமானம், வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஆலோசகர் முடிவு செய்ய அந்த விவரங்கள் உதவும்.